ரிலீஃப் வராத கதிரை

எங்கள் வீட்டில் ஒரு கதிரை இருக்கிறது. பிரம்பு பின்னிய, கைபிடி வைத்த பழைய மரக்கதிரை. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில், முன்னறை யன்னலுக்குப் பக்கத்தில் அதைப் போட்டிருக்கிறோம். இப்போது அதில் நான்தான் இருக்கிறேன். வந்தவர்கள் யாராவது அதில் இருக்கப் போனால் அம்மா ஏதாவது சாக்குச் சொல்லி அவர்களை சோபாவுக்கு அனுப்பிவிடுவார். எனக்கு அது விருப்பமா என்று அம்மா கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

கனடாவில் இருக்கும் அண்ணனிடம் போகவேண்டியவள் நான். விசா வந்துவிட்டது. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தேன். இந்த வெக்கையில் பார்க்கவே வியர்க்கும் தடித்த குளிர்ச்சட்டை ஒன்றையும் வாங்கி அலுமாரியில் தொங்கவிட்டேன். பிறகு போகவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு, அம்மாவைத் தனியே விட மனமில்லை என்று சொல்லிவிடுகிறேன். நல்ல பிள்ளை என்று தலையாட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். அது பாதி உண்மை. மற்றப் பாதியை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

அப்பா ஓர் அரசாங்கக் கூட்டுத்தாபனத்தில் வேலை செய்தார். எந்தக் கூட்டுத்தாபனம், அங்கே எதை இறைத்தார்கள் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அவரோடு இருந்தவர்கள் சிலர் இன்னும் அங்கேதான் உழைத்துச் சாப்பிடுகிறார்கள். ஒருகொடவத்தைக்கு அப்பால், கொள்கலன் லொறிகள் புழுதி கிளப்புகிற பாதையில், பெரிய பம்புகள் ஓடும் இடம் என்றால் போதும். அந்தப் பம்புகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை. அறையில் ஒரு மேசை, ஒரு கதிரை, சுவர் நிறைய சின்ன விளக்குகளும் முள் ஆடும் வட்டங்களும். அந்தக் கதிரையில் எப்போதும் ஓர் ஆள் இருக்கவேண்டும். தீபாவளியோ வெசாக்கோ, மழையோ ஊரடங்கோ, அது வெறுமையாக இருக்கக்கூடாது.

ஷிப்ட் மாறும்போது, ரிலீஃபாக வருகிறவர் உள்ளே வந்து கதிரையின் முதுகில் கையை வைத்து, "ஹரி, மம கத்தா" என்று சொல்லவேண்டும். சரி, நான் எடுத்துவிட்டேன் என்று அர்த்தம். இருப்பவர் எந்தப் பம்ப் சூடு, எது சத்தம் போடுகிறது என்று சொல்லிவிட்டு எழும்புவார். அவர் எழும்பிய சூடு ஆறுவதற்குள் மற்றவர் இருந்துவிடவேண்டும். இப்படி ஒரு சட்டம் எழுத்தில் கிடையாது. அவர்களே தங்களுக்குள் வைத்துக்கொண்டது. ஒருமுறை புதிதாகச் சேர்ந்த ஒருவர் பகிடிக்குக் கையை வைத்து அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போய்விட்டாராம். இருந்தவர் அதை நம்பி எழும்பி வீட்டுக்குப் போய்விட்டார். கதிரை வெறுமையாகக் கிடந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு பம்ப் கருகிப் புகைந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை ஒருவரும் பகிடிக்குச் சொல்வதில்லை. சொன்னவர் இருக்கவேண்டும்.

வருகிறவர் வராவிட்டால்? இருப்பவர் இருக்கவேண்டியதுதான். அப்படி இருப்பதற்குப் பெயர் ஓவர்டைம். எங்கள் ஆட்கள் சும்மா விடுவார்களா? இன்றைக்கு நான் வரவில்லை, நீ இரு. நாளைக்கு நீ வராதே, நான் இருக்கிறேன் என்று தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டார்கள். மாதக் கடைசியில் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் ஓவர்டைமுக்குப் பக்கத்தில் நிற்க வெட்கப்படும். மேலே குளிரூட்டிய அறையில் இருக்கிற பொறியியலாளரைவிட, கீழே பம்ப் பார்க்கிறவர் கூடுதலாக வீட்டுக்குக் கொண்டுபோன மாதங்களும் உண்டு. அதில் எல்லாருக்கும் முன்னால் நின்றவர் அப்பா. யாருக்குக் காய்ச்சல் என்றாலும், யாருடைய மைத்துனிக்குக் கல்யாணம் என்றாலும், அய்யே, அதாவது அண்ணா, கொஞ்சம் இருங்கள் என்று ஓர் அழைப்பு வந்தால் போதும். அவர் மாட்டேன் என்று சொன்னதை யாரும் கேட்டதில்லை.

அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்வீட்டில் வாடகைக்கு இருந்தோம். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் யன்னல் கண்ணாடி அதிரும். ஒரு பக்கம் கோயில் மணி, மறுபக்கம் தேவாலய மணி, தெருவில் மீன் விற்கிறவர்களின் கூச்சல். இத்தனை சத்தத்துக்கு நடுவில் எங்கள் வீடு மட்டும் குசுகுசுத்துக்கொண்டிருந்தது. அப்பா பகலில் நித்திரை கொள்வார். யன்னலுக்குப் பழைய பத்திரிகைகளை ஒட்டி வைத்திருந்தோம். அண்ணனும் நானும் சண்டை பிடிப்பதுகூட ரகசியமாகத்தான். அடித்தால் அழக்கூடாது, வென்றால் சிரிக்கக்கூடாது. இன்றைக்கும் நான் மெல்லத்தான் பேசுவேன். செத்தவீட்டில் கதைப்பதுபோலக் கதைக்கிறாய் என்று அலுவலகத்தில் பகிடி பண்ணுவார்கள்.

அப்பாவை நான் அவரிடமிருந்து தெரிந்துகொள்ளவில்லை. அவர் விட்டுப்போனவற்றிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். குளியலறையில் நனைந்த துவாய். குசினியில் கழுவிக் கவிழ்த்த கோப்பை. வாசலில் கிரீஸ் மணக்கும் சப்பாத்து. அது இருந்தால் அவர் உள்ளே நித்திரை, இல்லாவிட்டால் வேலையில். பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் பற்றி எழுதச் சொன்னபோது சப்பாத்தைப் பற்றித்தான் நிறைய எழுதினேன். ஆசிரியை நல்லாயிருக்கிறது என்று எழுதிவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

ஆனால் குறையொன்றும் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ரியூஷன், அண்ணனின் வெளிநாட்டுப் படிப்பு, அம்மாவின் கைநிறைய வளையல், கடைசியில் வெள்ளவத்தையில் இந்த ஃபிளாட், எல்லாம் ஓவர்டைம் வாங்கித் தந்தவை. காலி வீதியில் உடுப்புக் கடைக்குள் நுழைந்தால் அம்மா விலை பார்க்கமாட்டார். வீடு குடிபுகுந்த அன்று பால் பொங்கும் நேரத்தில் அப்பா அங்கே இல்லை. ரிலீஃப் வரவில்லையாம். அம்மாவே பாலை இறக்கினார். பிறகு அப்பாவிடம் கதவுத் திறப்பு ஒன்று கொடுத்தோம். ஓய்வு பெறும்வரைக்கும் அவர் அதைப் பாவிக்கவேயில்லை. வந்து மணியை அடித்துவிட்டு, கதவு திறக்கும்வரை வெளியே நிற்பார்.

நாடு கெட்டுப்போன வருடங்களில் எல்லாருக்கும் எங்களைப் போன்றவர்கள் கண்ணில் குத்தத் தொடங்கினார்கள். எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, தொலைக்காட்சியில் மட்டும் ஓயாத பேச்சு. கூட்டுத்தாபன ஊழியர்கள் ஓவர்டைம் என்று அள்ளிக்கொண்டு போகிறார்களாம்; சாரதிக்கு டொக்டரைவிடக் கூடவாம்; நாடு கவிழ்ந்ததே அவர்களால்தானாம். முதலாம் மாடியில் இருந்த ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர், லிஃப்டில் என்னைக் கண்டால் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு அதையே சொல்லுவார். எனக்கு உடம்பெல்லாம் எரியும். நீங்கள் இந்த லிஃப்டில் நிம்மதியாகப் போய்வருவதற்கும் எங்கேயோ ஒருவன் நித்திரை முழித்து ஒரு கதிரையில் இருக்கவேண்டும் என்று கத்தவேண்டும்போல இருக்கும். ஆனால் அவர் சொல்வதில் பாதி சரி என்பதும் எனக்குத் தெரியும். பேசிவைத்து வராமல் விட்டவர்களின் கதையெல்லாம் எங்கள் சாப்பாட்டு மேசையில் சிரித்துக்கொண்டு சொல்லப்பட்டவைதானே. அதனால் வாயை மூடிக்கொண்டு மூன்றாம் மாடிவரை போவேன்.

அம்மாவிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

"சொல்லட்டும். அந்த மனிசன் சல்லிக்காகத்தான் அங்க கிடந்தது எண்டு நானும் சொல்லித்தான் இவ்வளவு காலமும் மனசைத் தேத்தினனான். சல்லிக்காக எண்டா எங்களுக்காகத்தானே."

வெங்காயத்தை வெட்டி முடித்துவிட்டு மிளகாயை எடுத்தார். அந்த வசனத்தை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்பா ஓய்வு பெற்ற வருடம் அந்த அறைக்குச் சக்கரம் வைத்த புதுக் கதிரை வந்தது. பழையதைக் கழித்துப் போட்டார்கள். அப்பா கேட்டு வாங்கி, முச்சக்கர வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். அரசாங்கம் உங்களுக்குத் தந்த பென்ஷன் இதுதானா என்று நான் கேட்டேன். சிரித்தார். யன்னலோரம் போட்டு அதில் இருந்தார். காலையில் இருந்தால் சாப்பிடக் கூப்பிடும்வரை எழும்பமாட்டார். சீனிப் போத்தல் எங்கே இருக்கிறது, எந்த ஸ்விச் எந்த விளக்குக்கு என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வெட்கம். தண்ணீர் வேண்டுமென்றால்கூட அம்மா அந்தப் பக்கம் வரும்வரை காத்திருப்பார்.

சில வருடங்களில் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. நினைவும் குழம்பியது. கடைசியில் ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்து வேதனையில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்போது என் பயணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. அண்ணன் தொலைபேசியில், நீ வா, மற்றதைப் பார்ப்போம் என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நாங்கள் மூன்று பேரும் எதற்காகக் காத்திருந்தோம் என்று எழுதுவதற்குக் கை கூசுகிறது. அவர் நிம்மதியாகப் போய்ச்சேரவேண்டும் என்றுதான்.

அவர் போகவில்லை, நித்திரையும் கொள்ளவில்லை. கட்டிலில் கிடத்தினால் பதறி எழும்புவார். கதிரையில் இருத்தினால்தான் அடங்குவார். கண் மட்டும் எதிர்ச்சுவரில் வைஃபை பெட்டியின் சின்ன விளக்குகளை விட்டு அசையாது. ஒருநாள் மின்சாரம் நின்று அந்த விளக்குகள் அணைந்தபோது அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து ஃபிளாட்காரர் ஓடி வந்தார். எங்களோடு தமிழில் கதைப்பதையும் விட்டுவிட்டார். வாழ்நாள் முழுக்க எங்களோடு சிங்களத்தில் கதைத்தேயிராதவர், கடைசியில் சொன்னதெல்லாம் சிங்களம்தான். அந்த அறையின் பேச்சு. யாராவது கதவைத் திறந்தால், "கவுத ஆவே?" என்று கேட்பார். யார் வந்தது? அம்மா தன் பெயரைச் சொல்லுவார். அப்பா அதற்கு, இல்லை என்று தலையாட்டிவிட்டு மறுபடி விளக்குகளைப் பார்ப்பார். மனைவி வந்ததை வந்ததாகவே அவர் எடுக்கவில்லை.

கண் சிவந்து, தலை தொங்கி, விழப்போகிற உடம்பைப் பிடித்து நிமிர்த்திக்கொண்டே இருந்தார். பார்க்க முடியாது. மருந்துக்கும் அது கேட்கவில்லை. அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ரிலீஃப் வரவில்லை.

அவருக்கு ரிலீஃபாக அதிக வருடங்கள் இருந்தவரைத் தேடிப் பிடித்தேன். களனிப் பக்கத்தவர், அப்பாவைவிட வயது குறைந்தவர். அப்பா அவரைத் தம்பி என்ற பொருளில் மல்லி என்றுதான் கூப்பிடுவார். கேட்டவுடன் இரண்டு பஸ் மாறி, செவ்விளநீர்க் குலை ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். அப்பாவின் காலடியில் நிலத்தில் இருந்துகொண்டு அழுதார். அம்மா தேத்தண்ணீர் போடக் குசினிக்குப் போனபோது, நான் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கதிரையில் கையை வைத்து அந்தச் சொல்லை ஒருதரம் சொல்லுங்கள், அவர் நித்திரை கொள்ளட்டும் என்றேன்.

அவர் எழும்பினார். கையையும் உயர்த்தினார். கதிரையின் முதுகுக்குக் கிட்டக் கொண்டுபோய், தொடாமல் இழுத்துக்கொண்டார். 

"ஏலாது நங்கி," என்றார், என்னைத் தங்கை என்று கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில். "சொன்னா இருக்கோணும். நான் இங்க இருக்க ஏலாது தானே."

அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு பயமா என்று நினைத்தேன். அவருக்கும் அது விளங்கியிருக்கவேண்டும். சமாதானம் சொல்வதுபோல, சிங்களத்தில் மெல்ல வேறொன்று சொன்னார். அய்யே எவ்வளவு நல்ல மனிதர் தெரியுமா நங்கி, நான் நேரத்துக்கு வந்த நாட்களிலும் என்னைக் கதிரையைத் தொட விடமாட்டார். நீ வந்ததாகக் கையெழுத்தைப் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படு, நான் இருக்கிறேன் என்பார். எத்தனையோ நாட்கள் அப்படி. அந்த நேரங்களுக்கு அவருக்கு ஒரு சதமும் கிடையாது, சம்பளம் எனக்குத்தான் விழும். வீட்டுக்குப் போகலாமே அய்யே என்று கேட்டால், அங்கே போனால் நான் விருந்தாளி மல்லி, இங்கே எல்லாம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்று சொல்லுவாராம்.

அவர் அதை அப்பாவின் பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு அம்மா வெங்காயம் வெட்டும்போது சொன்ன வசனம் ஞாபகம் வந்தது. குசினியில் கோப்பைகள் சத்தம் போட்டன. அம்மாவுக்குக் கேட்டிருக்குமோ என்று அந்தப் பக்கம் பார்த்தேன். கேட்கவில்லை. களனிக்காரர் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, அப்பாவைக் கும்பிட்டுவிட்டுப் போனார். செவ்விளநீர்க் குலை வாசலிலேயே கிடந்தது.

மறுநாள் மத்தியானம். கடற்கரைப் பக்கத்தில் கல்கிசைக்குப் போகிற ரயில் ஓடி ஓய்ந்தது. அம்மா குளிக்கப் போயிருந்தார். அப்பாவின் தலை ஒருதரம் முன்னால் விழுந்து, மறுபடி தூக்கி நிமிர்ந்தது. அவர்மேல் இரக்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. எங்களோடு இருக்கத் தெரியாத மனிதர், எங்களை விட்டுப் போகவும் தெரியாமல் கிடக்கிறாரே என்று நினைத்தேன். கதவுப் பக்கம் போய், வெளியிலிருந்து வருகிறவள்போல நடந்து வந்து, கதிரையின் முதுகில் கையை வைத்தேன். பிரம்பு அவருடைய உடம்புச் சூட்டில் இருந்தது.

"ஹரி, மம கத்தா."

குரல் என்னுடையதாகவே இருக்கவில்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு அந்தக் கண் விளக்குகளை விட்டு வந்தது. முகம் தெளிந்தது. இரண்டாம் நம்பர் கொஞ்சம் சூடாகியிருக்கிறது என்று சிங்களத்தில் அக்கறையாகச் சொன்னார்.

"பலாகன்ன மல்லி," என்றார். பார்த்துக்கொள் மல்லி என்று.

பிறகு தானாகவே இரண்டு கைபிடியையும் ஊன்றி எழும்பப் பார்த்தார். நான் தாங்கிக்கொண்டேன். கட்டிலில் கிடத்தியதும் சுவர்ப் பக்கம் திரும்பி நித்திரையானார். அம்மா தலையைத் துவட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, வழக்கம்போல எனக்குச் சைகை காட்டினார், சத்தம் போடாதே என்று. கொட்டாஞ்சேனையில் இருந்ததுபோலவே இருவரும் குசுகுசுத்துக்கொண்டு சாப்பிட்டோம். அப்பா எழும்பவேயில்லை. அடுத்த நாள் மூச்சு நின்றது.

என் அப்பா எனக்குச் சொன்ன கடைசிச் சொல், எனக்குச் சொன்னதல்ல. அது இன்னும் வலிக்கிறது.

காரியங்கள் முடிந்தன. அண்ணன் வந்து போனான். பயண நாள் பக்கத்தில் வந்தது. அம்மாதான் என்னைப் போ, போ என்று துரத்திக்கொண்டிருந்தார். ஒரு நாள் மாலை, சூட்கேசைத் திறந்து வைத்துவிட்டு, களைப்பில் அந்தக் கதிரையில் போய் இருந்தேன். அதுவரை அதில் யாரும் இருக்கவில்லை. அப்போது அம்மா எதிரில் வந்து நின்று கேட்டார்.

"அண்டைக்கு அந்தக் களனி ஆள் உன்னோட என்னவோ கதைச்சவர். அப்பாவைப் பற்றி என்ன சொன்னவர்?"

அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் கையில் இருந்த துணியை மடிப்பதை நிறுத்திவிட்டார். எவ்வளவு காலமாகவோ பயந்து கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது என்று அந்தக் கையைப் பார்த்தபோது தெரிந்தது.

"சல்லி சல்லி எண்டு மாடா உழைச்சவராம். எல்லாம் உங்களுக்காகத்தானாம் அம்மா," என்றேன்.

அம்மா துணியை மடித்து முடித்தார்.  "நான் சொன்னனான்தானே," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்த மாலை நான் எழும்பவில்லை. இரண்டாம் நம்பர் ஒரு பம்ப் என்று எனக்குத் தெரியும். அது இப்போது எங்கேயோ இரும்புக் கடையில் கிடக்கும். ஆனாலும் அம்மாவுக்கு மேல் காய்ந்தால், நெற்றியில் கையை வைக்கும்போது, பார்த்துக்கொள் மல்லி என்ற அந்தக் குரல்தான் கேட்கிறது. நான் போய்விட்டால், களனியிலிருந்து அந்த மனிதர் ஒருநாள் மறுபடி செவ்விளநீரோடு வருவார். அப்பாவின் பெருமையை அம்மாவிடம் சொல்லுவார். அப்போது அந்தப் பேச்சைத் தடுக்க இந்த அறையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

குளிர்ச்சட்டை இன்னும் அலுமாரியில் தொங்குகிறது. விசா முடிந்துவிட்டது. விடுவதாக எழுதிக் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அதே வேலைக்குப் போகிறேன், வருகிறேன். வந்ததும் யன்னலோரம் இருந்துகொள்கிறேன், வாசல் மணி அடித்தால் அம்மாவுக்கு முன் எழும்பி யார் வந்தது என்று பார்க்கிறேன். மீன்காரர், தபால்காரர், பக்கத்து ஃபிளாட் பிள்ளை. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தால் கதிரை இன்னும் சூடாகவே இருக்கிறது.